ஊர் மக்கள் மரங்களோடு மீண்டும் நெருங்க என்ன வழி? கடைமடையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: வெட்டாற்றுக்கரை (கீழ்வேளூர் வட்டம்)

அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் வெட்டாற்றுப் பாசனத்தின் கடைமடையில், அதாவது ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில், இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது, குளக்கரையில் நின்ற பழைய மரங்களும் வீட்டுக் கொல்லைகளில் இருந்த மா, பலா, தென்னைகளும் பெருமளவில் சாய்ந்தன. அதற்குப் பிறகு ஊராட்சியும் பள்ளியும் வெளியூர்களிலிருந்து வந்த தன்னார்வலர்களும் கன்றுகள் நட்டு வருகிறார்கள். 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கிய பிறகு கன்றுகள் கிடைப்பதில் எங்களுக்குச் சிரமமே இல்லை. குழி வெட்டவும் தண்ணீர் ஊற்றவும் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆட்களும் இருக்கிறார்கள்.

ஆனாலும் ஒன்று என்னை உறுத்துகிறது. நட்ட கன்றுகளில் ஒரு பகுதி பிழைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. அவற்றை ஊரில் யாரும் தம்முடையவை என்று எண்ணவில்லை. கூண்டு சாய்ந்தால் அந்த வழியாக நடப்பவர் நிமிர்த்தி வைப்பதில்லை. சித்திரை வெயிலில் கன்று வாடுவதைக் கண்டும், அது ஊராட்சி வைத்த கன்று, ஊராட்சி பார்த்துக்கொள்ளட்டும் என்று போகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு நாவலுக்கும் மருதத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. என் பாட்டி ஒரு மரத்தின் நிழலைப் பார்த்தே அதன் பெயரைச் சொல்லிவிடுவார். இரண்டு தலைமுறைக்குள் இந்த அறிவு எங்கே போயிற்று என்று நினைக்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

எங்கள் இளைஞர் மன்றத்தில் இதைப் பற்றிப் பேசினோம். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஆளுக்கொரு கன்று வைக்கலாம், ஆண்டுக்கு ஒருமுறை மர விழா எடுக்கலாம், குறுங்காடு அமைக்கலாம், கோயில் வழியாகச் சொன்னால் மக்கள் கேட்பார்கள் என்று பல யோசனைகள் வந்தன. கன்று வளர்க்கும் முறையைப் பற்றி நான் இங்கே கேட்கவில்லை. மரம் வேறு, தாம் வேறு என்று ஆகிவிட்ட ஒரு ஊரை மீண்டும் மரத்தின் அருகில் அழைத்து வருவது எப்படி என்பதே என் கேள்வி. டெல்டாவின் மண்ணையும் மக்களையும் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர் (மயிலாடுதுறை)

தம்பி, கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். கன்று நடுவதற்கு முன், இன்னும் நின்றுகொண்டிருக்கும் மரங்களிடம் ஊரை அழைத்துச் செல்லுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. இத்தனை பெரிய புயலுக்குப் பிறகும் உங்கள் ஊரில் சில பழைய மரங்கள் நின்றிருக்கும். எந்த மரம் நின்றது, எது விழுந்தது என்று ஊருக்கே தெரியும். யாரும் அதைக் கேட்டு எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்கள் சிலரையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஊரின் ஒரு பகுதியை மட்டும் சுற்றி வாருங்கள். பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுத வேண்டும். மரத்தின் பெயர், யார் வைத்தது அல்லது தானாக முளைத்ததா, அதன் இலை, காய், பட்டை, கட்டை எதற்குப் பயன்பட்டது, அந்த மரத்தடியில் என்ன நடந்தது என்று கேட்கலாம். பஞ்சாயத்து கூடிய மரம், உழைத்துக் களைத்தவர்கள் கஞ்சி குடித்த மரம், பேய் இருப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்திய மரம் எல்லாம் வெளிவரும். பேய்க்கதைகளை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தக் கதை இருந்தவரை அந்த மரத்தில் யாரும் அரிவாள் வைக்கவில்லை.

இப்படிச் சேரும் குறிப்புகளுக்குச் சட்டப்படியான ஓர் இடமும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அந்தக் குழு, ஊர் மக்களிடம் கேட்டறிந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியிலும் அப்படி ஒரு பதிவேடு இருக்கக்கூடும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல ஊர்களுக்கும் பொதுவான செடி கொடிப் பட்டியலாக அது இருந்தால், உங்கள் பிள்ளைகள் எழுதியதைக் கொண்டு திருத்திக் கிராம சபையில் வையுங்கள். அக்டோபர் 2 கூட்டமோ ஜனவரி 26 கூட்டமோ இதற்கு ஏற்றது. தன் தாத்தா சொன்ன செய்தி ஊராட்சியின் ஏட்டில் ஏறுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த மரம் சொந்தமாகிவிடும்.

இரண்டாவது, ஒரு மரத்தை ஓர் ஆண்டு முழுவதும் பார்க்க வைப்பது. பள்ளியில் பணியாற்றிய காலத்தில் நான் மிகவும் விரும்பிச் செய்தது இதுதான். ஒவ்வொரு பிள்ளையும், அல்லது இருவர் சேர்ந்து, ஏற்கெனவே நிற்கும் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை அதனிடம் சென்று துளிர், பழுப்பு, அரும்பு, பூ, காய், பழம் ஆகியவற்றில் எவை இருக்கின்றன என்று குறிக்க வேண்டும். நாடு முழுவதும் பள்ளி மாணவர்களைக் கொண்டு இதையே செய்யும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தால் உங்கள் ஊர்ப் பிள்ளை எழுதும் குறிப்பு பருவநிலை மாற்றத்தை ஆராய்பவர்களுக்கும் பயன்படும். சேராவிட்டாலும் ஒரு கோடு போட்ட நோட்டு போதும்.

இப்படிப் பார்க்கத் தொடங்கும் பிள்ளைக்கு மரம் அசையாத பொருளாகத் தோன்றாது. இலுப்பை மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கும்; பொழுது சாய்ந்ததும் அதன் பூவைத் தேடி வௌவால்கள் வரும்; விடியும்போது தரையெங்கும் வெளிர்மஞ்சள் பூ கிடக்கும். புங்கன் கோடையின் உச்சத்தில், மற்றவை வாடும்போது, பளபளப்பான புதுத்தளிரோடு நிற்கும். பூவரசின் பூ காலையில் மஞ்சளாக இருந்து மாலையில் சிவந்து உதிரும். இவற்றைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளை தேர்வு முடிந்ததும் மறந்துவிடும்; தானே கண்டு தேதியோடு எழுதிய பிள்ளைக்கு மறக்காது. வசதி இருந்தால் ஒருமுறை வடுவூர் ஏரிக்கோ உதயமார்த்தாண்டபுரத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நூற்றுக்கணக்கான நீர்ப்பறவைகள் அடைவதைக் கண்ட பிள்ளை, தன் ஊர்க் குளத்து மரத்தையும் அண்ணாந்து பார்க்கும்.

பிறந்தநாள் கன்று நல்ல எண்ணம்தான். ஆனால் கன்று பட்டுப்போனால் பிள்ளையின் மனம் நோகும். அதனால் முதல் ஆண்டில் அதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

மறுமொழி: களத்துமேடு (மன்னார்குடி வட்டம், விவசாயி)

ஆசிரியர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பெரியவர்களின் மனம் பார்ப்பதால் மட்டும் மாறாது. நம் முன்னோர் மரங்களை அறிந்திருந்ததற்குக் காரணம் அன்பு மட்டும் இல்லை, தேவையும் இருந்தது.

நடவுக்கு முன் சேற்றில் மிதிக்கப் புங்கந்தழையும் வேப்பந்தழையும் பூவரசந்தழையும் வேண்டியிருந்தன. ஆகவே ஒவ்வொருவரும் கொல்லையிலும் வாய்க்கால் கரையிலும் அந்த மரங்களைக் காத்தார்கள். யூரியா மூட்டை வந்ததும் தழை வெட்டுவது நின்றது. கலப்பைக்கும் வண்டிக்கும் கருவேலமும் வாகையும் பூவரசும் வேண்டியிருந்தன. டிராக்டர் வந்ததும் அந்தத் தேவை போயிற்று. விளக்குக்கு இலுப்பை எண்ணெயும் புன்னை எண்ணெயும் எரிந்த இடத்தில் மின்சாரம் வந்தது. அடுப்புக்கு எரிவாயு வந்தது. கதிர் அடித்துத் தூற்றும் களத்துக்கு நிழல் தர ஒரு பெரிய மரம் நின்றது. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைக் கொட்டத் தொடங்கியதும் களமும் அதன் மரமும் வேலையற்றுப் போயின. இந்த மாற்றங்களில் பல நம் உடல் உழைப்பைக் குறைத்தவை. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வந்தபோது, மரத்தின் அருகே போக ஒரு காரணம் குறைந்தது. உங்கள் பாட்டியின் அறிவு மறதியால் அழியவில்லை. அதற்கு வேலை இல்லாமல் போனதால்தான் அடுத்த தலைமுறைக்கு வந்து சேரவில்லை.

ஆகவே மரத்தோடு உறவு வேண்டுமென்றால் மரத்தால் ஒரு பயன் வேண்டும், அந்தப் பயனில் ஊராருக்கு உரிமை வேண்டும். வேடந்தாங்கல் நம் பகுதி இல்லை என்றாலும் அதை நினைத்துப் பாருங்கள். அங்கே ஏரி மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை ஊரார் அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும்படி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு உரிமை பெற்றார்கள். அந்தக் காவல் இன்றுவரை நிற்கிறது.

நம் வயல்களில் அப்படி ஒரு பயனைக் காட்ட வேண்டுமானால் நான் எலியிலிருந்து தொடங்குவேன். சம்பா பயிரில் எலி வெட்டு என்ன பாடுபடுத்தும் என்பது உங்களுக்குத் தெரியும். புள்ளி ஆந்தையும் கூகையும் எலியைத் தின்பவை. பழைய மருதம், இலுப்பை, ஆல் ஆகியவற்றின் பொந்துகளில் தங்குபவை. வேளாண்மைத் துறையினர் வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நடச் சொல்கிறார்கள். குச்சியில் வந்து உட்காரும் ஆந்தை பகலில் எங்கே தங்கும் என்று கேட்டால் பேச்சு மரத்துக்கு வந்துவிடும். எங்கள் பக்கத்தில் நான் இப்படித்தான் பேசுகிறேன். அழகு, தூய காற்று என்று சொல்லும்போது தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், எலி என்றதும் நின்று கேட்கிறார்கள்.

நிழலைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். நெல்லுக்கு வெயில் தேவை. அடுத்தவர் வரப்பில் நீங்கள் நடும் கன்று பத்தாண்டில் அவர் பயிருக்கு நிழல் கட்டும். அந்தப் பயத்தில் இரவோடு இரவாகப் பிடுங்கப்பட்ட கன்றுகள் உண்டு. அதற்காக அவரை இயற்கையின் எதிரி என்று எண்ண வேண்டாம். வரப்புக்குப் பனை பொருத்தம். அதன் நிழல் ஒரே இடத்தில் தேங்குவதில்லை, வேரும் பயிரை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. தூக்கணாங்குருவி கூடு கட்டும், ஓலையின் அடியில் பனை உழவாரன் தங்கும். கஜாவில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்த இடங்களிலும் பனைகள் நின்றதை நாம் அனைவரும் கண்டோம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று அரசு 2021-இல் அறிவித்தது.

உரிமை என்று சொன்னேன். புறம்போக்கு நிலத்தில் மரம் வளர்த்து அதன் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்னும் மரப்பட்டா முறை வருவாய்த் துறையில் நெடுங்காலமாக இருக்கிறது. நிலம் அரசுடையது, மரத்தின் பலன் பட்டா பெற்றவருடையது. நிலமில்லாத குடும்பங்களின் பெயரில் அதைக் கேட்டு வட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். நாவலோ புளியோ காய்த்தால் பறிக்கும் உரிமை தனக்குத்தான் என்று உறுதியாகத் தெரிந்த குடும்பம் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருக்காது.

இன்னொன்று. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் (ஊர் ஊராகச் சென்று ஆடு மேய்ப்பவர்கள்) ஆடுகளோடு வந்து, இரவில் அவற்றை வயலில் அடைத்துக் கிடை போடுவார்கள். கோடையில் இளங்கன்றுகள் போவது பெரும்பாலும் அப்போதுதான். கிடை நம் வயலுக்கு உரம்; அவர்களை விரட்டுவது தவறு. கிடை பேசும்போதே எந்தக் கரையில் மேய்க்கலாம், எந்தக் கரையை விட்டுவிட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டால் போதும். தழைக்காக எந்த மரத்தில் எவ்வளவு கழிக்கலாம் என்பதைக் கீதாரிகளைவிட நன்றாக அறிந்தவர்களும் குறைவு.

மறுமொழி: பாலைவனத்தோப்பு (வேதாரண்யம் வட்டம்)

அண்ணன் இருவரும் சொன்னவற்றில் ஒன்று விடுபட்டிருக்கிறது. கஜாவுக்குப் பிறகு எங்கள் பகுதிப் பெண்கள் பலர் மரத்தை நினைத்தாலே அஞ்சுகிறார்கள். அந்த இரவில் ஓட்டின்மேல் கிளை முறிந்து விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு பிள்ளைகளை அணைத்தபடி இருந்தவர்களிடம் போய், வாசலில் மரம் வையுங்கள் என்று சொன்னால் எப்படி வைப்பார்கள்? இந்த அச்சத்தை யாரும் பேசுவதில்லை. வீட்டோரத்தில் ஒரு கன்று தானாக முளைத்தால் பிடுங்கிவிடுகிறார்கள். அதைப் பார்த்து, மக்களுக்கு அக்கறை இல்லை என்று வெளியிலிருந்து வருபவர்கள் எழுதுகிறார்கள்.

முதலில் அந்த அச்சத்தைச் சொல்ல விடுங்கள். மகளிர் குழுக் கூட்டத்தில், புயலில் உங்கள் வீட்டில் எந்த மரம் போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். மாமரம் போன வீட்டில் அதன் காயின் புளிப்பு வரைக்கும் சொல்வார்கள், மகள் பிறந்த ஆண்டில் வைத்த தென்னை என்பார்கள், சிலர் அழுவார்கள். மரத்தின் மீது பற்று இல்லாதவர்கள் இப்படி அழ மாட்டார்கள். உறவு அறுந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் துக்கம் இருக்கிறது, அதற்கு மேல் பயம் இருக்கிறது.

அச்சத்துக்கு விடையும் வேண்டும். வீட்டின் அருகில் முருங்கை, கறிவேப்பிலை, கொய்யா, மாதுளை, எலுமிச்சை போன்றவற்றை வைத்துக்கொண்டு, பெரிய மரங்களைக் குளக்கரைக்கும் பொது இடத்துக்கும் கொண்டு போகலாம். ஐப்பசி மழைக்கு முன் கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்யும் வழக்கத்தை மீண்டும் ஊரில் ஏற்படுத்தலாம். கஜாவில் வேரோடு சாய்ந்த மரங்களில் விரைவில் வளரும் அழகு மரங்கள் பல இருந்தன. என்ன கன்று வரப்போகிறது என்பதைப் பெண்களிடம் கேட்ட பிறகு தீர்மானியுங்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் கேட்டது புன்னை, புங்கன், வேம்பு, நாவல். ஆனி, ஆடி மாதங்களில் வேப்பங்கொட்டை பொறுக்கி விற்றால் கைச்செலவுக்கு ஆகும், பிள்ளைகளுக்கு நாவற்பழம்.

கோடியக்கரைக் காட்டில் பாலை மரங்கள் மிகுதி. கோடையில் பாலைப்பழம் வந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாயும் கையும் பாலும் பிசுக்குமாக இருக்கும். 1967-இல் சரணாலயமான அந்தக் காட்டை எங்கள் பிள்ளைகள் முதலில் அறிவது அந்தப் பழத்தின் சுவையால்தான். வெளிமானையும் பூநாரையையும் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே உண்ணக்கூடிய பழம் தரும் மரங்களைப் பள்ளிக்குப் போகும் வழியில் வையுங்கள். கல் எறிவார்கள், கிளையை ஒடிப்பார்கள். அதைத் தடுக்காதீர்கள்.

குறுங்காட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் நெருக்கமாக நட்ட காடுகள் விரைவில் அடர்வதையும் பறவைகள் வருவதையும் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நெருக்கமாக நட்டுச் சுற்றிலும் வேலி போட்ட இடத்துக்குள் யாரும் நுழைவதில்லை. பறவைக்காக ஒரு மூலையில் அதை அமைக்கலாம்; பாயை விரித்துப் படுக்கவும், உட்கார்ந்து பேசவும் தனி மரங்கள் வேண்டும்.

மறுமொழி: அரசலாறு (கும்பகோணம்)

கோயில் வழியாகச் சொல்லலாமா என்ற கேள்விக்கு மட்டும் என் கருத்தைக் கூறுகிறேன்.

காவிரிக் கரையில் தலமரங்களுக்கு, அதாவது அந்தந்தக் கோயிலுக்குரிய புனித மரங்களுக்கு, குறைவில்லை. திருவிடைமருதூரில் மருதம், திருப்புகலூரில் புன்னை, இலுப்பைப்பட்டில் இலுப்பை, திருவையாற்றில் வில்வம். திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவணல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்புதூர் வில்வவனம் என்று ஐந்து காடுகளை ஒரே நாளில் வழிபடும் பஞ்சாரண்ய மரபும் நம்முடையது. பாதிரியும் வன்னியும் இன்று நம் பிள்ளைகளின் கண்ணில் படுகின்றன என்றால், பெரும்பாலும் அது கோயில் பிராகாரத்தில்தான். அந்த மரத்தின் விதையை எடுத்து ஊருக்குள் பரப்புவது மிக நல்ல பணி. அந்தப் பணியை ஒரு கோயிலின் அர்ச்சகரும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து தொடங்கினால் மக்கள் மனமுவந்து வருவார்கள்.

ஆனால் கோயிலோடு நிறுத்திவிடாதீர்கள். நம் ஊர்களில் கோயிலும் குளக்கரையும் எல்லாத் தெருக்காரர்களுக்கும் ஒரே அளவில் உரியவையாக இருந்ததில்லை. தோப்புகள் நிலக்கிழார்களுடையவையாக இருந்தன. அவற்றுக்கு நீர் இறைத்த, காவல் இருந்த விவசாயத் தொழிலாளர்களுக்குக் கீழே விழுந்த மாங்காயை எடுக்கவும் அனுமதி வேண்டியிருந்தது. ஊர் மரம் என்று நாம் நெகிழ்ந்து பேசும்போது, அந்த மரத்தடியில் உட்கார உரிமையின்றி நின்றவர்களின் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த மரத்துக்கும் இடையே நாம் மீட்டுத் தரக்கூடிய பழைய உறவு ஒன்றும் இல்லை. புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும்.

அதே வேளையில், இன்று உங்கள் ஊரில் மரங்களை மிக நன்றாக அறிந்தவர்கள் அந்தத் தெருக்களில்தான் இருப்பார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களும், பனை ஏறுபவர்களும், மூங்கில் வெட்டுபவர்களும், கூடை முடைபவர்களும் மரத்தைக் கையால் அறிந்தவர்கள். ஆசிரியர் ஐயா சொன்ன மர நடையை அவர்களுடைய குடியிருப்பிலிருந்து தொடங்குங்கள். அவர்களை முன்னே நடக்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் அவர்களுடைய பெயர்கள் முதலில் வரட்டும். மரப்பட்டா கேட்பதிலும் அவர்களே முதலில் நிற்க வேண்டும். மர விழா எடுப்பது எப்போது என்று கேட்டால், இவை நடந்த பிறகு என்பேன். ஒரு தெரு மட்டும் கொண்டாடும் விழா, மரத்தை அந்தத் தெருவின் மரமாகவே நிறுத்திவிடும்.

கேட்டவரின் மறுமொழி: வெட்டாற்றுக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளை மன்றத்தில் உரக்கப் படித்தோம். வரும் அக்டோபர் 2 கிராம சபைக்கு முன் குடியிருப்புத் தெருவிலிருந்து மர நடையைத் தொடங்குவது, மகளிர் குழுவிடம் கேட்ட பிறகே எந்தக் கன்று என்று முடிவெடுப்பது, மரப்பட்டாவுக்கு மனுத் தயாரிப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். இந்த ஆண்டு விழா எடுக்கவில்லை.

ஒரு நடைமுறைச் சந்தேகம். எங்கள் மண் களிமண். மழைக்காலத்தில் பல நாள் தண்ணீர் நிற்கும், கோடையில் வெடிக்கும், சில இடங்களில் உவர். பெண்கள் கேட்கும் மரங்களை எந்த மாதத்தில், எப்படி வைத்தால் நிற்கும்? கன்று செத்துக்கொண்டே இருந்தால் உரிமையும் பதிவேடும் பயன் தராமல் போகுமோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி: களத்துமேடு

தம்பி, ஐப்பசியில் நட வேண்டாம். மழை வருகிறதே என்று அப்போது நடுவதால்தான் கடைமடையில் பாதிக் கன்றுகள் வேர் அழுகிப் போகின்றன. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்ததும், ஆடியிலோ ஆவணியின் தொடக்கத்திலோ நட்டுவிட்டால், பெருமழைக்கு முன் கன்று வேர் பிடித்திருக்கும். அது தவறினால் தை மாதம், தண்ணீர் வடிந்த பிறகு நடலாம். ஆனால் அப்படி நடும் கன்றுக்கு ஆனி வரைக்கும் கையால் தண்ணீர் ஊற்றப் பொறுப்பான குடும்பம் இருக்க வேண்டும்.

தண்ணீர் நிற்கும் இடத்தில் குழியில் நடாமல், முழங்கால் உயரத்துக்கு மண்ணை மேடாக அணைத்து அதன்மேல் நடுங்கள். உவர் உள்ள இடத்தில் முதல் ஆண்டு தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழுது, மழைநீரைத் தேக்கி வடிய விட்ட பிறகு நடுவது நல்லது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கடலோர வயல்களை மீட்க இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா உழைத்தபோது பசுந்தாள் உரத்தையே பெரிதும் நம்பினார். உவருக்குப் புன்னையும் பூவரசும் புங்கனும் தாங்கும். பூவரசுக்குக் கன்றுகூட வேண்டாம். கை பருமனுள்ள போத்தை (கிளைத் துண்டை) வெட்டி ஆடியில் ஊன்றினால் துளிர்த்துவிடும், ஆடு எட்டாத உயரத்தில் துளிர்ப்பதால் கூண்டும் தேவையில்லை. நாவலை உவரில்லாத இடத்தில் வையுங்கள்.

பனங்கொட்டையை ஆவணி, புரட்டாசியில் குளத்தின் வெளிக்கரையில் ஊன்றலாம். எங்கள் பக்கத்தில் பழம் விழத் தொடங்கியதும் பிள்ளைகளைக் கொண்டு கொட்டைகளைச் சேர்த்து வைக்கச் சொல்கிறேன். எத்தனை மூட்டை வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள்.